கடலுக்கு ஒன்றேமுக்கால் மணி, மலைக்கு ஒன்பது மணி

என் மகளை முதன்முதலாகப் பார்க்க நான் புறப்பட்டபோது அவளுக்கு மூன்று மாதம் முடிந்திருந்தது. அவள் கொழும்பில், தாத்தா வீட்டுத் தொட்டிலில் கிடந்தாள். நான் போடிமெட்டுக்கு இரண்டு மைல் தள்ளி, ஓர் ஏலத்தோட்டத்தில் புகைக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. தோட்டத்தில் எனக்கு ஏலக்காய் ஸ்டோரில் வேலை. ஸ்டோர் என்றால் கடை இல்லை. பறித்து வந்த பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி, விறகு எரித்து, தகரக் குழாய் வழியாக வரும் சூட்டில் உலர்த்துகிற கட்டடம். சூடு கூடினால் காய் வெடித்து வெளுத்துவிடும், குறைந்தால் கறுத்துவிடும். அறுவடை தொடங்கிவிட்டால் அந்தக் கட்டடத்தை விட்டு நகர முடியாது. குழந்தை பிறந்தது வைகாசியில். அப்போது பாஸ்போர்ட் கைக்கு வரவில்லை. பாஸ்போர்ட் வந்தபோது ஆவணி வந்துவிட்டது, காயும் வந்துவிட்டது.

தோட்டத்தை நடத்துகிற ரைட்டரிடம் போய் நின்றேன். நல்ல மனிதர்தான். காய்க்கு முன்னால் மட்டும் யாரையும் மனிதராக மதிக்கமாட்டார்.

"ஆறு நாளு தர்றேன். ஏழாம் நாள் விடியிறப்போ நீ ஸ்டோர்ல நிக்கணும்."

ஆறு நாளில் கொழும்புக்குப் போய் வருவதா? தனுஷ்கோடி வரை ரயில், அப்புறம் கப்பல், அப்புறம் மறுபடி ரயில் என்று போனால் போக்குவரத்திலேயே முக்கால்வாசி நாள் தீர்ந்துவிடும். மாமனாருக்கு எழுதினேன். அவர் ராசிங்காபுரத்துக்காரர். சின்ன வயதில் கப்பல் ஏறிப் போய், கொழும்பு புறக்கோட்டையில் மளிகைக் கடை போட்டு நிலைத்தவர். ஏரோப்ளேன் டிக்கெட்டை அனுப்பிவிட்டுக் கூடவே ஒரு கடிதமும் எழுதியிருந்தார். "திருச்சிக்கும் கொழும்புக்கும் இருநூற்று எண்பது மைல் சொச்சம். ஒன்றேமுக்கால் மணி நேரப் பறப்பு. தலைவலி வருவதற்குள் வந்து சேர்ந்துவிடலாம். வாருங்கள் மாப்பிள்ளை, நேரில் பேசவேண்டிய விஷயம் ஒன்றும் இருக்கிறது."

அந்தக் கடைசி வரியைத்தான் நாலு தடவை படித்தேன். விஷயம் என்னவென்று எனக்குத் தெரியும். என் மனைவி பாக்கியம் கொழும்பில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி மலைக்கு வந்த முதல் வருஷம் மூன்று மாதம் சேர்ந்தாற்போல வெயிலைப் பார்க்கவில்லை. துவைத்த சேலை காயவில்லை. ஸ்டோருக்குள் கொடி கட்டிக் காயப்போட்டுக் கொடுத்தேன். ஏலக்காய் மணக்கிற சேலையைக் கட்டிக்கொண்டு, கதவைத் திறந்தால் வீட்டுக்குள் நுழைகிற மூடுபனியைப் பார்த்து ஒரு நாள் அழுதாள். ஏழாம் மாதம் பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்குப் போனவள், கடிதத்தில் குழந்தையைப் பற்றி எழுதினாளே தவிர, திரும்பி வருவதைப் பற்றி ஒரு எழுத்து எழுதவில்லை.

ஆனாலும் ஏரோப்ளேன் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை நேரம்தான் ஒரு மனிதன் கவலைப்பட முடியும்?

முதல் நாள் காலையில் ஜீப்பில் இறங்கினேன். ஓட்டுபவர் குஞ்ஞப்பன் சேட்டன். பூப்பாறைக்காரர், பாதி மலையாளம், பாதி தமிழ். சேதி எனக்கு முன்னால் அவருக்குப் போயிருந்தது. "விமானத்திலா போகுந்நது? பேடி இல்லியோ?" என்று வளைவுக்கு வளைவு திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டார். விமானத்தைவிட அவர் திரும்பிப் பார்ப்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பின்னால் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒரு தோட்டத்து ஆள், "அண்ணே, மேகத்துக்குள்ள போறப்ப நனைஞ்சிராதா?" என்றார். "நாம தினமும் மேகத்துக்குள்ளதானப்பா குடியிருக்கோம்" என்றேன். அது யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. ஜீப்பே குலுங்கிச் சிரித்தது.

யுத்தத்தின்போது பிடுங்கிக்கொண்டு போன தண்டவாளத்தை மறுபடி போட்டு, போடிக்கு மறுபடியும் ரயில் வர ஆரம்பித்திருந்தது. மதுரை ரயிலில் ஏறியதும் நான் செய்த முதல் காரியம், எதிரே இருந்தவரிடம், "நாளைக்கு இந்நேரம் நான் கடலுக்கு மேல இருப்பேன்" என்று சொன்னதுதான். அவர் என்னை ஒன்றும் கேட்டிருக்கவில்லை. ஆண்டிபட்டி வருவதற்குள் பெட்டி முழுக்கத் தெரிந்துவிட்டது. வடை விற்றவர் எனக்கு மட்டும் பெரிய வடையாகப் பொறுக்கிக் கொடுத்தார். பொட்டிபுரத்துச் சம்சாரி ஒருவர் மட்டும் நம்பாமல் குறுக்கு விசாரணை செய்தார்.

"எத்தன மைலு?"

"இருநூத்தி எம்பது."

"எம்புட்டு நேரம்?"

"ஒன்னேமுக்கா மணி."

அவர் வெகுநேரம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பிறகு, "எங்க ஊருல இருந்து போடிக்கு வண்டி கட்டி வர அதுக்கு மேல ஆகுது. இத்தனைக்கும் காளை நல்ல காளை" என்றார். காளையை நான் குறை சொன்னதுபோல அவர் முகம் வாடியிருந்தது. "அது மேடு பள்ளம் இருக்குல்ல அய்யா" என்று காளையின் பக்கம் நான் பேசிய பிறகுதான் சமாதானமானார்.

இரண்டாம் நாள் திருச்சி விமான நிலையம். அங்கே முதலில் பெட்டியை நிறுத்தார்கள். அப்புறம் என்னையே தராசில் ஏறச் சொன்னார்கள். எத்தனையோ மூட்டைகளை நான் தராசில் ஏற்றியிருக்கிறேன். மூட்டை என்ன நினைக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என் பெட்டியில் துணியைவிட ஏலக்காய்தான் அதிகம். மாமனாருக்கு ஒரு டின், மாமியாருக்கு ஒரு டின், சட்டைப் பைகள் நிறைய உதிரிக் காய். கூடத்தில் நான் எங்கே நின்றாலும் பக்கத்திலிருந்தவர்கள் மூக்கை உயர்த்திச் சுற்றும்முற்றும் பார்த்தார்கள்.

ஏரோப்ளேன் தரையில் வாலை ஊன்றித் தலையைத் தூக்கி நின்றது. உள்ளே ஏறினால் ஒரே மேடு! இருக்கையைப் பிடித்துப் பிடித்து எல்லோரும் மூச்சுவாங்க ஏறினார்கள். நான் ஒருத்தன்தான் கைவீசி நடந்தேன். மலைக்காரனுக்கு அதெல்லாம் ஒரு ஏற்றமா? மனதுக்குள் ஒரே பெருமை.

அந்தப் பெருமை, இயந்திரம் உறுமிய நிமிஷம் போய்விட்டது. பணிப்பெண் காதுக்குப் பஞ்சும் வாய்க்கு மிட்டாயும் கொடுத்தாள். பயத்தில் எதை எங்கே வைப்பது என்று எனக்குக் குழம்பிவிட்டது. என் பக்கத்தில் ஒரு சிங்களத்து அம்மாள், அறுபது வயதிருக்கும், வெள்ளை ரவிக்கை, மடியில் குடை. வண்டி ஓட ஆரம்பித்ததும் அந்த அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்தார். கொட்டடியில் கட்டின மாடு திமிறுமே, அந்த மாதிரி வண்டி திமிறியது. பிறகு ஒரே நொடியில் எல்லாச் சடசடப்பும் நின்றுவிட்டது. கீழே பார்த்தேன். காவிரி, யாரோ காயப்போட்ட வேட்டி மாதிரிக் கிடந்தது.

அந்த அம்மாள் கையை விடாமலே என்னிடம் ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. பின்னால் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் எட்டிப் பார்த்து மொழிபெயர்த்தார்.

"அந்த அம்மா கேக்கிறா, நீங்கள் பாயாசம் காய்ச்சிற ஆளோ எண்டு. உங்களில பாயாசம் மணக்குதாம்."

நான் பையிலிருந்து ஒரு கை ஏலக்காயை எடுத்து நீட்டினேன். அந்த அம்மாள் அப்போதுதான் என் மணிக்கட்டை விட்டார், வாங்கிக்கொள்வதற்காக. ஒன்றை உரித்து வாயில் போட்டு, கண்ணை மூடி, சிங்களத்தில் நீளமாக ஒன்று சொன்னார். "இனி விழுந்தாலும் பரவாயில்லையாம்" என்றார் யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்கு ஒரு கை கொடுத்தேன். முன்னால் திரும்பிப் பார்த்தவருக்கும் கொடுத்தேன். பணிப்பெண்ணும் வாங்கிக்கொண்டாள்; ஓட்டுகிறவருக்கென்று தனியாக நாலு காய் கேட்டு எடுத்துப் போனாள். பாக்கு நீரிணைக்கு மேலே ஒரு வண்டி ஆட்கள் எங்கள் தோட்டத்துக் காயை மென்றுகொண்டு பறந்தார்கள்.

கடல் அசையவே இல்லை. ராமேசுவரத்தில் நின்று பார்த்தால் அத்தனை ஆட்டம் ஆடுகிற கடல், மேலிருந்து பார்த்தால் நீலச்சாயம் தோய்த்த துணிபோலச் சுருக்கம் சுருக்கமாகக் கிடந்தது. அதில் ஒரு தோணி. அதற்குள் ஒரு மனிதன் இருப்பான், அவனுக்கும் ஒரு மகள் இருப்பாள் என்று ஏனோ தோன்றியது. மிட்டாயை விழுங்கிவிட்டு, அந்தத் தோணி மறைகிறவரை பார்த்தேன்.

கொழும்பில், ரத்மலானை விமான நிலையத்தில் இறங்கினால் மாமனார் கைக்கடிகாரத்தை உயர்த்திப் பிடித்தபடி நிற்கிறார். "மாப்ளே! ஒன்னேமுக்கா மணி! சொன்னேனா இல்லையா?" ஏதோ அவரே ஓட்டிக்கொண்டு வந்த மாதிரி.

வீட்டில் பாக்கியம் வாசலுக்கு வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். முகத்தில் வெயில் இருந்தது. குழந்தையை என் கையில் கொடுத்தாள். மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் சட்டையில் முகத்தை வைத்தாள். அடுக்காக மூன்று தும்மல் போட்டாள். போட்டுவிட்டு, தும்மியது யாரோ வேறொருவர் என்பதுபோல என்னைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தாள். அந்த வீட்டில் அதற்குப் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று எனக்கு ஞாபகமில்லை.

மூன்றாம் நாள் ஊர் பார்த்தேன். காலையில் இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் சம்பலும். நம் ஊர் இடியாப்பம் போர்வை என்றால் அது மெல்லிய சல்லாத் துணி. இருபது தின்றும் தின்ற மாதிரித் தெரியவில்லை. மாமியார் எண்ணவில்லை, நானும் எண்ணியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. பிறகு ட்ராமில் ஏறினேன். தலைக்கு மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு தெரு நடுவில் ஓடுகிற வண்டி அது. ஏறிய இடத்திலேயே இறங்க ஆசைப்பட்டு ஒரு சுற்று முழுக்கச் சுற்றினேன். டிக்கெட் கிழிப்பவர் சிங்களத்தில் என்னை ஏதோ கேட்டார். பக்கத்தில் இருந்த பையன் தமிழில் சொன்னான்: "எங்க போகணும்னு கேக்கிறார்." "எங்கயும் இல்ல, சும்மா" என்றேன். அதை அவன் மொழிபெயர்த்ததும் வண்டியே என்னைத் திரும்பிப் பார்த்தது.

மத்தியானம் மாமனார் கடைக்குக் கூட்டிப்போனார். விஷயமும் வந்தது.

"கடை மாடியில ரெண்டு அறை சும்மா கெடக்கு மாப்ளே. நீங்க, பாக்கியம், பிள்ளை. கடையில நீங்க ஒரு பக்கம் நில்லுங்க, நான் ஒரு பக்கம் நிக்கிறேன். அங்கன பனிக்குள்ள பிள்ளைக்கு இருமல் வந்தா யாரு பாக்குறது? டாக்டர் வேணும்னா மலை எறங்கணும். யோசிங்க."

யோசிக்கிறேன் என்றேன். அவர் சாப்பிடப் போனார். கடையில் ஒரு நடை நின்று பார்க்கலாமே என்று நின்றேன். ஒரு பெண் வந்து ஏலக்காய் கேட்டார். டின்னைத் திறந்து ஒரு காயை விரலில் உருட்டினேன். தோல் தொளதொளவென்று இருந்தது. வாய் தானாகச் சொல்லிவிட்டது: "இது வேண்டாங்கம்மா. வெயில்ல காஞ்ச காயி. மணம் ஒரு வாரம் நிக்காது." அந்த அம்மாள் நன்றி சொல்லிவிட்டு எதிர்க் கடைக்குப் போனார். கடைப்பையன்கள் என்னைப் பார்த்த பார்வையில், வியாபாரத்தில் என் எதிர்காலம் எனக்குத் தெளிவாகவே தெரிந்தது. மாமனார் வந்து கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவரும் ஒரு காயை எடுத்து உருட்டிப் பார்த்து, "அப்படியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான்காம் நாள் சாயங்காலம் காலிமுகத்திடலுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் போனோம். கடல் கைதட்டிக்கொண்டே இருந்தது. காற்று பாக்கியத்தின் முந்தானையைப் பிடுங்கியது, அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை மலையில் நான் அதிகம் பார்த்ததில்லை. 'வர்றியா?' என்று கேட்க மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும், 'காத்து நல்லாருக்குல்ல' என்று சொன்னேன்.

மாமனார்தான் போட்டு உடைத்தார். "ஆத்தா, நீயே சொல்லு. இருக்கியா, போறியா?"

பாக்கியம் குழந்தையின் தலைத்துணியைச் சரிசெய்தாள். "பிள்ளையோட ஒரு வாட்டி மேல போயிப் பாக்குறேன்ப்பா. பாத்துட்டுச் சொல்றேன்."

"அப்ப நானும் வர்றேன்" என்றார் மாமனார். "உங்க மலைக்கு எம்புட்டு நேரம் ஆகுதுன்னு நானே பாக்கணும் மாப்ளே. பச்சப் பிள்ளைய ஏத்த முடியாத எடமா இருந்துச்சுன்னா, மகளும் பேத்தியும் என்னோட திரும்பிருவாக. சம்மதமா?"

சம்மதம் என்றேன். வேறென்ன சொல்வது?

ஐந்தாம் நாள் காலையில் மறுபடியும் ஏரோப்ளேன். அங்கேதான் ஓர் உண்மை வெளிவந்தது. மாமனார் தம் வாழ்நாளில் ஏரோப்ளேனில் ஏறியதே இல்லை! மற்றவர்களை அனுப்பி, வருகிறவர்களைக் கடிகாரத்தோடு வரவேற்றுத்தான் பழக்கம். வண்டி மேலே கிளம்பியதும் கண்ணை இறுக மூடினார். கடிகாரம் கட்டிய கையை மட்டும் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு, இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒற்றைக் கண்ணைத் திறந்து, "ஆச்சா?" என்று கேட்டார்.

நானோ அனுபவஸ்தன். பஞ்சு காதுக்கு, மிட்டாய் வாய்க்கு என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தேன். கடலின் நடுவே காற்றில் ஒரு பள்ளம் வந்தது. வண்டி தொபுக்கென்று இறங்கியது. வயிறு மேலேயே நின்றுவிட்டது. அனுபவஸ்தன் பாக்கியத்தின் கையைப் பிடித்தேன். பள்ளம் போய்விட்டது. கையை விடவில்லை. திருச்சி வரைக்கும் விடவில்லை. மகள் எல்லாவற்றிலும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஒன்னு நாப்பது!" என்று தரையில் கால் வைத்ததும் மாமனார் அறிவித்தார். பிறகு ரயில், மறுபடி ரயில். போடியில் தெரிந்தவர் வீட்டில் தங்கினோம்.

ஆறாம் நாள் காலை எட்டு மணிக்கு ஜீப்பு நிற்கிற இடத்துக்கு வந்துவிட்டோம். மாமனார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். "எத்தன மைலு மாப்ளே?"

"இருபது இருக்கும் மாமா."

"இருபதா! அங்கன இருநூத்தி எம்பதையே..." என்று ஆரம்பித்து, குஞ்ஞப்பன் சேட்டனின் ஜீப்பைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். லோடு சேரவேண்டும் என்றார் சேட்டன். அரிசி மூட்டை வந்தது, மண்ணெண்ணெய் டின் வந்தது, கடைசியில் ஓர் ஆடும் அதன் சொந்தக்காரரும் வந்தார்கள். கிளம்பும்போது மணி பத்து. ஆடு மாமனாரின் துண்டை மெல்ல ஆரம்பித்திருந்தது.

அடிவாரத்தில் வெயில். நாலு வளைவு ஏறியதும் காற்று மாறியது. முந்தின நாள் மழையில் பாறை சரிந்து பாதையில் கிடந்தது. எல்லோரும் இறங்கிக் கல்லை உருட்டினோம். மாமனாரும் உருட்டினார். பன்னிரண்டரை ஆகிவிட்டது. அப்புறமும் ஒரு மணி நேரம் ஜீப்பு முக்கி முனகி ஏறியது. மேலே பனி இறங்கத் தொடங்குகிற இடத்தில், ஒரு கொண்டை ஊசி வளைவில், சடாரென்று ஒரு சத்தம். முன்னாலிருந்து ஆவி.

குஞ்ஞப்பன் சேட்டன் மூடியைத் திறந்து, அறுந்து தொங்கிய பெல்ட்டைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "பெல்ட்டு பொட்டிப்போயி. போடிக்குப் போயிக் கொண்டுவரணும்."

அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து காலி ஜீப்பு ஒன்று இறங்கி வந்தது. ஓட்டுகிறவர் நிறுத்தி, சேட்டனைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு எங்களைப் பார்த்தார். "கீழ வர்றீகளா? எடம் இருக்கு. ஒரு மணி நேரத்துல போடியில விட்ருவேன். வெரசா சொல்லுங்க, மழை வருது."

மாமனார் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார். அவர் முகத்தில் ஜெயித்த களை கொஞ்சமும் இல்லை. உண்மையான பயம்தான் இருந்தது. "ஆத்தா, பிள்ளைக்குப் பனி ஆகாது. ஏறிரு. போயிருவோம்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. மூன்று மாதப் பிள்ளை, வண்டி இல்லாத மலை, மூடுபனி. 'போ' என்று சொல்ல மனசில்லை. 'வா' என்று சொல்ல வாயில்லை. நின்றேன்.

அப்போது குறுக்குப் பாதையில் நாலைந்து பெண்கள் தலைச்சுமையோடு ஏறி வந்தார்கள். எங்கள் தோட்டத்து ஆட்கள். முன்னால் வந்த வெள்ளையம்மா பாக்கியத்தைப் பார்த்துச் சுமையை இறக்கினாள். "அட, ஸ்டோர்க்காரர் வீட்டம்மா! பிள்ளையக் காட்டு. ஆத்தி, உரிச்சுவச்ச மாதிரி அப்பன் மூக்கு!"

பாக்கியம் அவளிடம், "இங்கேருந்து மெட்டுக்கு நடந்தா எம்புட்டு நேரமாகும்க்கா?" என்று கேட்டாள்.

"பேசிக்கிட்டே போனா தெரியாது. ரெண்டு மணி ஆகும்."

பாக்கியம் ஜீப்புக்காரரிடம், "நீங்க போங்கண்ணே" என்றாள். வெள்ளையம்மா ஒரு பழைய கம்பளியில் குழந்தையைச் சுற்றி, பாக்கியத்தின் மார்போடு சேர்த்துச் சேலையால் முடிச்சுப் போட்டாள். என் மகளின் மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. காலி ஜீப்பு இறங்கிப் போனது. பாக்கியம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏற ஆரம்பித்துவிட்டாள்.

நானும் மாமனாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். "என்ன மாப்ளே நிக்கிறீக? பிள்ளை போகுது!" என்று அவர் பூட்ஸைக் கழற்றினார்.

நான் ட்ரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினேன். ஆம், ஓடினேன். அந்த ஏற்றத்தில் பெட்டியோடு ஒருவன் ஓட முடியும் என்று அதற்கு முன்னாலும் எனக்குத் தெரியாது, பின்னாலும் என்னால் முடிந்ததில்லை. பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். வெள்ளையம்மா குலவை போட்டாள். பனிக்குள்ளிருந்து அந்தக் குலவை திரும்பி வந்தது. மழை தூறியது, ஒருத்தி, மழைக்குத் தலையில் போட்டுக்கொள்கிற சம்பங் கொங்காணியை எடுத்துத் தாய்க்கும் பிள்ளைக்கும் மேலே பிடித்தாள். மாமனார் வெறுங்காலோடு, மடித்துக் கட்டிய வேட்டியோடு, ஆட்டுக்காரரிடம் தம் சின்ன வயசு ராசிங்காபுரத்தைப் பற்றிச் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டே ஏறினார்.

போடிமெட்டு டீக்கடையில் முதல் வாய் டீ உள்ளே போனதும் அவருக்குக் குரல் வந்துவிட்டது. கடைக்கார மலையாளி, "எவிடுந்நா?" என்று கேட்டார்.

"கொழும்பு!" என்றார் மாமனார். "ஏரோப்ளேன்ல வந்தோம். கீழ பாத்தா கடலு சும்மா கண்ணாடி மாதிரி. ஒரு தோணி போகுது, அதுல ஆளு மொகம் வரைக்கும் தெரியுது. நடுவுல ஒரு பள்ளம் வந்துச்சு பாருங்க, எல்லாம் நடுங்கிட்டாக. நான் அசையல."

பாக்கியம் டீ டம்ளருக்குள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர் எங்களைப் பார்த்து முறைத்துவிட்டு இன்னொரு டீ சொன்னார்.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்து. "ஒம்பது மணி நேரம்" என்றார் மாமனார், வீட்டு வாசலில் கல்லின் மேல் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டபடி. பிறகு மகளை நிமிர்ந்து பார்த்தார். "நீ செருப்பக் கழட்டினப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு ஆத்தா. மாடி அறையில மூட்டைய அடுக்கிக்கிறேன். ஆனா மாப்ளே, பிள்ளைக்கு லேசா இருமல்னாலும் தந்தி வரணும்." வரும் மாமா என்றேன்.

அவர் காலைக் கழுவப் பின்பக்கம் போனார். பாக்கியம் அடுப்பை மூட்டினாள். விறகு ஈரம், ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. நான் குழந்தையை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். இப்போது கேட்காவிட்டால் இனி எப்போது கேட்பது?

"ஏன் கீழ போகல?"

அவள் ஊதுவதை நிறுத்தவில்லை. "அப்பா ஒரு நாளைக்கு நாலு வாட்டி இருன்னு சொன்னாரு. நீங்க ஒரு வாட்டிகூட வான்னு சொல்லல."

"கேக்கப் பயமா இருந்துச்சு."

"தெரியும்" என்றாள். "காலிமுகத்துல காத்து நல்லாருக்கு, காத்து நல்லாருக்குன்னு மூணு வாட்டி சொன்னீகளே. அப்பவே தெரியும். ஏரோப்ளேன்ல பள்ளம் போனப்பெறகும் என் கைய விடாம இருந்தீக. அப்ப நல்லாவே தெரிஞ்சுபோச்சு."

தீ பற்றிக்கொண்டது. அவள் நிமிர்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று கொஞ்சம் பார்த்தாள். நான் குழந்தையை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, இன்னொரு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சரி, காலையில ஸ்டோருக்கு எத்தன மணிக்கு எழுப்பணும்?" என்று கேட்டாள்.

"நாலரை" என்றேன்.